தோல் எந்த அடுக்கில் பிரிகிறது? கடுமையான கொப்புள நோய்களைக் கண்டறியவும் பராமரிக்கவும் ஒரு வழிகாட்டி

தோல் நோய் வார்டில் செவிலியராகச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு அம்மாவின் முதுகு படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் துணியோடு தோலும் வந்துவிடும். எங்கள் மூத்த சிஸ்டர் வெதுவெதுப்பான சலைனைத் துணியின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அப்புறம் எதுவும் செய்யாமல், அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பொறுமையில்லாமல் கையை நீட்டியபோது, "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்மா" என்றார். பத்து நிமிடம் கழித்துத் துணி தானாகவே விட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அதற்குப் பிறகு இந்த நோயாளிகளோடுதான் என் வேலை நாட்களில் பாதி போயிருக்கிறது. இந்த நோய்களைப் புதிதாகச் சந்திப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள், வார்டுக்குப் புதிதாக வந்த செவிலியர்கள், பயிற்சி மருத்துவர்கள் எல்லோருக்கும் உதவும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தோல் மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் எப்போது ஓட வேண்டும், எந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும், அந்தத் தோலை எப்படித் தொட வேண்டும் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் கொப்புளத்துக்குப் பின்னால் பத்து வேறு நோய்கள் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது, சில நேரம் கெடுதலும் செய்யும். தோல் எந்த அடுக்கில் பிரிகிறது, எதனால் பிரிகிறது என்று தெரிந்தால்தான் நோயின் பெயர் தெரியும். நாம் எடுக்கும் சிரமம் எல்லாம் முதலில் அந்தப் பெயருக்காகத்தான்.

முதலில்: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதா?

பெயரைத் தேட நேரம் இல்லாத நிலை ஒன்று உண்டு. புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்து, சுமார் 4 நாளிலிருந்து 4 வாரத்துக்குள் (சில மருந்துகளில் 8 வாரம் வரைகூட) காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் வருகிறது. இரண்டு மூன்று நாளில் மார்பிலும் முகத்திலும் கருஞ்சிவப்புத் திட்டுகள். அவை அரிப்பதைவிட வலிக்கும். இந்த வலியை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. உதடு உரிந்து ரத்தம் கட்டிக் கறுக்கும், கண் சிவந்து ஒட்டிக்கொள்ளும், தோல் நனைந்த காகிதம் மாதிரி விரலோடு நகரும். இது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். 1922-ல் இரண்டு மருத்துவர்கள் விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. உரிந்த பரப்பு உடலில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் இந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் 'டென்' (டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்பதன் சுருக்கம்) என்பார்கள். ஆலன் லயல் 1956-ல் விவரித்தது அது. நடுவில் இருப்பது இரண்டும் கலந்த நிலை. பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்றால், நோயாளியின் உள்ளங்கை விரல்களோடு சேர்ந்து ஏறக்குறைய 1 சதவீதம்.

அடிக்கடி இதற்குக் காரணமாகும் மருந்துகளின் பட்டியல் சிறியதுதான். மனப்பாடம் செய்துகொள்ளலாம்: யூரிக் அமிலத்துக்குத் தரும் அல்லோபியூரினால், வலிப்புக்குத் தரும் கார்பமாஸெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின், சல்ஃபா வகை ஆன்டிபயாடிக், ஹெச்ஐவி மருந்தான நெவிராபின், பைராக்ஸிகாம் போன்ற சில வலி மாத்திரைகள். சந்தேகம் வந்த நிமிடமே மருத்துவரிடம் பேசி அந்த மருந்தை நிறுத்த வேண்டும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு உயிருக்கு நல்லது. நோயாளி தீக்காயப் பிரிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ இருக்க வேண்டும், சாதாரண வார்டு போதாது. கண் மருத்துவர் முதல் 24 மணி நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும். தோல் சில வாரங்களில் ஆறிவிடும். கண்ணில் இமை ஒட்டிக்கொண்டு விழும் தழும்பு வாழ்நாள் முழுக்கப் பார்வையைக் கெடுக்கும். தோலுக்கு ஓடி ஓடி வைத்தியம் பார்த்துவிட்டுக் கண்ணை மறந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

பிழைத்து வந்தவர் அந்த மருந்தை இனி எந்தக் காலத்திலும் தொடக் கூடாது. கார்பமாஸெபின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஃபெனிடாயினும் ஃபீனோபார்பிட்டாலும் ஆபத்துதான், ஒத்த அமைப்புள்ள மருந்துகள் அவை. மருந்தின் பெயரை அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 'வலிப்பு மாத்திரை' என்று எழுதினால் போதாது, மருந்தின் ரசாயனப் பெயரே வேண்டும்.

குழந்தைகளுக்கு இதே மாதிரித் தெரியும் இன்னொன்று உண்டு. காய்ச்சலோடு உடம்பு சிவந்து, வாயைச் சுற்றியும் அக்குள், தொடை மடிப்புகளிலும் வெந்த தோல் மாதிரி உரியும். வாயின் உள்ளே மட்டும் புண் இருக்காது. அது ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சால் வருவது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும்.

அவசரம் இல்லையென்றால்: கொப்புளத்தைப் படிப்பது

தோலின் மேலடுக்கில் உள்ள செல்கள் ஒன்றோடொன்று பிரஸ் பட்டன் போட்ட மாதிரி இணைந்திருக்கின்றன. அந்த மேலடுக்கு முழுவதும் கீழே உள்ள அடுக்கோடு தையல் போட்ட மாதிரி இணைந்திருக்கிறது. பட்டன் அவிழ்ந்தால் ஒரு வகைக் கொப்புளம், தையல் பிரிந்தால் இன்னொரு வகை.

பெம்ஃபிகஸ் நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறாக ஆன்டிபாடிகளை உண்டாக்கி, டெஸ்மோக்ளெய்ன் என்ற பட்டன் புரதத்தைத் தாக்குகிறது. கொப்புளத்தின் கூரை மேலடுக்கின் ஒரு பகுதி மட்டும், அதனால் மெல்லியது. தொளதொளவென்று இருக்கும், ஒரு நாளில் உடைந்துவிடும். நிறைய நோயாளிகள் வரும்போது உடம்பில் முழுக் கொப்புளம் ஒன்றுகூட இருக்காது, பச்சைப் புண்கள்தான் இருக்கும். "கொப்புளமே இல்லையே, இது எப்படிக் கொப்புள நோய்?" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

பெம்ஃபிகாய்ட் நோயில் தாக்கப்படுவது தையல். மேலடுக்கு முழுசாகத் தூக்கிக்கொண்டு எழும்புவதால் கூரை தடிமன். கொப்புளம் விம்மி, கண்ணாடிக் குண்டு மாதிரி இறுகி நிற்கும், எளிதில் உடையாது. 1953 வரை இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தார்கள். நுண்ணோக்கியில் பிளவு வேறு வேறு ஆழத்தில் இருப்பதைக் காட்டி இரண்டையும் பிரித்தவர் வால்டர் லீவர்.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசாவில் யாரும் தாக்கவில்லை. பிறவியிலேயே மரபணுக் கோளாறால் அந்த நூல் இல்லை, இருந்தாலும் பலவீனம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேட்க வேண்டிய கேள்விகள் இப்படி:

எங்கே முதலில் வந்தது? பெம்ஃபிகஸ் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வாயில்தான் தொடங்கும். பல் ஈறில், கன்னத்தின் உள்புறத்தில் ஆறாத புண். வைட்டமின் மாத்திரை, வாய் கொப்பளிக்கும் மருந்து, பல் சுத்தம் என்று மாதக்கணக்கில் போய்விடும். 3 வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை ஒருபோதும் 'சூடு' என்று விட்டுவிடாதீர்கள்.

வயது என்ன, அரிக்கிறதா? பெம்ஃபிகாய்ட் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். கொப்புளம் வருவதற்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் முன்பே தூங்கவிடாத அரிப்பு வந்துவிடும். வயதானவருக்குக் காரணம் தெரியாத அரிப்பு நீடித்தால் இந்த நோயும் மனதில் இருக்கட்டும்.

என்ன மாத்திரைகள்? சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிப்டின் வகை மருந்துகள், குறிப்பாக வில்டாகிளிப்டின், பெம்ஃபிகாய்டைத் தூண்டக்கூடியவை. முடக்குவாதத்துக்கும் வில்சன் நோய்க்கும் தரும் பெனிசிலமைன் பெம்ஃபிகஸைத் தூண்டலாம். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஞாபகத்திலிருந்து சொன்னால் ஒன்றிரண்டு கட்டாயம் விட்டுப்போகும்.

முழங்கை, முழங்கால், புட்டத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள், தாங்க முடியாத அரிப்பு என்றால் கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாததால் வரும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸாக இருக்கலாம். உதடு, வாய் முழுக்கக் கொடூரமான புண், எந்த மருந்துக்கும் மசியவில்லை என்றால், உள்ளே ஏதாவது கட்டி, குறிப்பாக நிணநீர்ப் புற்று ஒளிந்திருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார்.

புண்ணுக்குப் பக்கத்துத் தோலை விரலால் அழுத்தித் தேய்த்தால் உரிகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். நிக்கோல்ஸ்கி அறிகுறி என்று பெயர். அதை அவர்கள் ஒரு முறை பார்த்தால் போதும். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், இருக்கும் புண்ணோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான்.

சதைத் துண்டு: ஒன்று அல்ல, இரண்டு

இந்த இடத்தில்தான் நான் அதிகம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது.

பயாப்ஸி என்றால் தோலில் மரத்துப்போகும் ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு துண்டு எடுப்பது. கொப்புள நோய்க்கு இரண்டு துண்டுகள் வேண்டும். முதல் துண்டு புதிதாக, ஒன்றிரண்டு நாளுக்குள் வந்த கொப்புளத்தின் விளிம்பிலிருந்து. பிளவு எந்த ஆழத்தில் என்று அது காட்டும். பழைய கொப்புளம் கூடாது. அடியில் புதுத் தோல் வளர ஆரம்பித்திருக்கும், பிளவு இருக்கும் இடமே மாறித் தெரியும்.

இரண்டாவது துண்டு கொப்புளத்துக்குப் பக்கத்தில், சுமார் 1 சென்டிமீட்டருக்குள், நல்லபடியாகத் தெரியும் தோலிலிருந்து. நோயாளிகள் பயப்படுவார்கள்: "நல்ல இடத்தில் ஏன் வெட்டுகிறீர்கள்?" காரணம் உண்டு. கொப்புளம் வந்த இடத்தில் ஆன்டிபாடிகள் சிதைந்து போயிருக்கும். பக்கத்துத் தோலில்தான் அவை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஒளிரும் சாயம் பூசி இருட்டில் பார்த்தால், பெம்ஃபிகஸில் செல்களைச் சுற்றிப் பச்சை நிறத்தில் மீன்வலை மாதிரித் தெரியும். பெம்ஃபிகாய்டில் பேனாவால் கோடு இழுத்த மாதிரி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் ஒரே பச்சைக் கோடு. குளூட்டன் நோயில் அடுக்கின் நுனிகளில் மணல் தூவிய மாதிரிப் புள்ளிகள். முதல் முறை அந்த வலையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மாதக்கணக்கில் ஒரு மனுஷியை வாட்டிய நோய் இவ்வளவு சுத்தமாகத் தெரிகிறதே என்று எனக்கு மூச்சு நின்றது.

முதல் துண்டு ஃபார்மலினில் போகும். இரண்டாவது துண்டு ஃபார்மலினில் போகவே கூடாது. போனால் அந்த ஒளிரும் சோதனை கெட்டுவிடும். அதற்கென்று மிஷேல் திரவம் என்று ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் சாதாரண சலைனில் நனைத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துவிட வேண்டும். நான் வேலை செய்த ஓர் இடத்தில், 5 மாதம் வாய்ப்புண்ணோடு அலைந்து வந்த ஒரு பெண்ணின் இரண்டு துண்டுகளையும் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டார்கள். அறிக்கையில் 'சோதிக்க இயலவில்லை' என்று வந்தது. மறுபடி வெட்டி, மறுபடி காத்திருந்து, இன்னும் 2 வாரம். அந்த 2 வாரத்தில் புண் முதுகுக்குப் பரவிவிட்டது. அன்றிலிருந்து துண்டு எடுக்கும் அறைக்குள் போனதும் நான் செய்யும் முதல் வேலை, இரண்டு பாட்டில்களையும் தனித்தனியாக வைத்து, மேலே பெரிய எழுத்தில் பெயர் ஒட்டுவது. நீங்கள் நோயாளியின் வீட்டைச் சேர்ந்தவர் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இரண்டாவது துண்டு எதில் போகிறது?" கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இதோடு ரத்தத்தில் எலைசா சோதனை. பெம்ஃபிகஸுக்கு டெஸ்மோக்ளெய்ன் 1, 3, பெம்ஃபிகாய்டுக்கு பிபி180 என்ற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளின் அளவு தெரியும். இரத்தத்தில் இப்படி ஆன்டிபாடி இருக்கிறது என்று 1964-ல் பியூட்னரும் ஜோர்டனும் காட்டிய பிறகுதான் இது எதிர்ப்புச் சக்தியின் கோளாறு என்று உலகம் புரிந்துகொண்டது. அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மருந்தைக் குறைக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மருந்து தொடங்கும் முன், தொடங்கிய பின்

ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் பெம்ஃபிகஸ் வந்தவர்களில் பெரும்பாலோர் சில வருடங்களில் இறந்துபோனார்கள். இன்று பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஸ்டீராய்டு என்றாலே பயப்படுகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பெம்ஃபிகஸுக்கு வழக்கமாக பிரெட்னிசலோன், ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1.5 மில்லிகிராம் வரை. அதோடு ரிடுக்சிமாப் என்ற ஊசி மருந்து. ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களை இது குறைக்கிறது. 1000 மில்லிகிராம் ஒரு முறை, 2 வாரம் கழித்து இன்னொரு முறை, டிரிப்பில் மெதுவாக ஏற்றுவார்கள். பிரான்ஸில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ரிடுக்சிமாபோடு குறுகிய காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் 2 வருட முடிவில் மருந்தே இல்லாமல் நோயின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் அது 34 சதவீதம். அதனால் இதைக் கடைசி ஆயுதமாக ஒளித்து வைக்காமல், ஆரம்பத்திலேயே தரலாமா என்று மருத்துவரிடம் கேட்பது நியாயம்.

பெம்ஃபிகாய்டில் கதை வேறு. வயதானவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையை அதிக அளவில் கொடுப்பதே ஆபத்து. க்ளோபெட்டசால் என்ற வீரியமான களிம்பை, முகம் தவிர உடம்பெங்கும், பரவலான நோயில் ஒரு நாளைக்கு 40 கிராம் வரை பூசும் முறை உண்டு. 2002-ல் வெளியான ஆய்வில் பரவலான நோயுள்ளவர்களில் களிம்பு பூசியவர்களில் 76 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் 58 சதவீதம். களிம்புதானே என்று அலட்சியம் வேண்டாம். பூசுவதற்கு இன்னொரு ஆள் தேவை, அரை மணி நேரம் தேவை, அதுதான் சிரமம். டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராமும் பலருக்கு உதவுகிறது. வேகம் குறைவு, பக்கவிளைவும் குறைவு. 2025-ல் டூபிலுமாப் ஊசிக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

குளூட்டன் நோய்க்கு டாப்சோன் மாத்திரை இரண்டு மூன்று நாளிலேயே அரிப்பை அடக்கிவிடும். ஆனால் அதற்கு முன் ஜி6பிடி என்ற ரத்தச் சோதனை கட்டாயம். அந்த நொதி குறைந்தவருக்கு டாப்சோன் கொடுத்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். குளூட்டனையும் நிறுத்தினால்தான் மாத்திரையைக் குறைக்க முடியும்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் எந்த மருந்துக்கும் முன்னால் மஞ்சள் காமாலை பி, காசநோய் சோதனைகள் வேண்டும். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் கிருமி எழுந்துவிடும். தடுப்பூசி போட வேண்டியிருந்தால் ரிடுக்சிமாபுக்கு 4 வாரம் முன்பே போட்டுவிடுவது நல்லது. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் மருந்து நடக்கும்போது கூடாது. இதே வகை மருந்தான மைக்கோஃபீனோலேட் எடுக்கும் பெண் கருத்தரிக்கக் கூடாது. இது இளம் பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் முதல் நாளிலிருந்தே. புண் ஆறிவிட்டது என்று ஒரு நாள் திடீரென்று நிறுத்திவிடுவதுதான் பெரிய ஆபத்து. உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்ய மறந்திருக்கும். தலைசுற்றி, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து வந்தவர்களை அவசரப் பிரிவில் பார்த்திருக்கிறேன். படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

தினமும் அந்தத் தோலோடு

கைகளைக் கழுவி, சுத்தமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் எடுத்து வைத்த பிறகே கட்டைத் திறக்க வேண்டும். திறந்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் தேடினால் நோயாளி குளிரில் நடுங்குவார். வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். இதை மறந்தால் அடுத்த முறை கட்டு மாற்றுவதற்கே அவர் பயப்படுவார்.

விம்மி நிற்கும் பெரிய கொப்புளத்தை என்ன செய்வது? கூரையைக் கிழித்து எடுக்காதீர்கள், அதைவிட நல்ல கட்டு நம்மிடம் இல்லை. கிருமி நீக்கிய ஊசியால் அடிப்பக்கத்தில், தண்ணீர் தானாக வடியும்படியான இடத்தில் குத்தி, மெல்லிய துணியால் ஒத்தி எடுங்கள். கூரை மெதுவாகக் கீழே படிந்துவிடும். எந்தக் கொப்புளத்தைக் குத்தலாம், எதை விடலாம் என்று முதல் சில முறை செவிலியரிடம் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பச்சைப் புண் மேல் வெள்ளை வாஸ்லினைத் தாராளமாகப் பூசி, ஒட்டாத வகைக் கட்டு வைக்க வேண்டும். வாஸ்லினைப் புண் மேல் தேய்க்காமல், கட்டுத் துணியில் வெண்ணெய் மாதிரித் தடவி அதைப் புண் மேல் வைத்தால் வலியே தெரியாது. பிளாஸ்திரி எந்தத் தோலிலும் நேராக ஒட்டக் கூடாது. சுற்றுத் துணியாலோ வலைக் குழாய்க் கட்டாலோ பிடித்து வைக்கலாம். ரத்த அழுத்தப் பட்டை, இசிஜி ஒட்டிகள், கையில் டிரிப் ஒட்டும் டேப் எல்லாமே இதில் அடக்கம். பட்டைக்குக் கீழே மெத்தென்ற துணி சுற்றிவிடுங்கள். வேறு பிரிவுக்கு நோயாளியை அனுப்பும்போது, 'பிளாஸ்திரி ஒட்டாதீர்கள்' என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

இந்த நோய்களில் உயிரை எடுப்பது பெரும்பாலும் கிருமித் தொற்று. நாற்றம், மஞ்சள் சீழ், திடீரென்று கூடும் வலி, குழப்பமான பேச்சு இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் வராமலே தொற்று இருக்கும், தெர்மாமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். நன்றாக ஆறிக்கொண்டிருந்த பெம்ஃபிகஸ் புண்ணில் துளை போட்ட மாதிரிச் சின்னச் சின்னப் புண்கள் வந்தால் அக்கி வகை ஹெர்பிஸ் வைரஸ் உள்ளே வந்திருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. நோய்தான் கூடிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

தோல் உரிந்த உடம்பிலிருந்து நீரும் புரதமும் சூடும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் அறை வெதுவெதுப்பாக, டென் நோயாளிக்கு 25-லிருந்து 28 டிகிரி வரை இருக்க வேண்டும். சாப்பாட்டில் புரதம் கூட வேண்டும். ஆனால் வாய் முழுக்கப் புண் இருக்கும்போது எதைச் சாப்பிடுவது? ஆறிய, குழைவான, காரமும் புளிப்பும் இல்லாத எதுவும் சரி. மரத்துப்போகும் ஜெல்லை ஈறில் தடவி 5 நிமிடம் கழித்து ஊட்டுங்கள். குழந்தைப் பிரஷ்ஷால் பல் தேய்க்கலாம். நுரை வராத பேஸ்ட் எரியாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொப்பளித்துத் துப்பும் முறையை மருத்துவர் சொல்லித் தருவார். வாயில் வெள்ளைப் படலம் கண்டால் பூஞ்சை, அதையும் சொல்ல வேண்டும்.

பிறவியிலேயே வந்த குழந்தை

எபிடெர்மோலிசிஸ் புல்லோசாவோடு பிறந்த குழந்தையைத் தூக்குவதே முதல் பாடம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது, தோல் உங்கள் கையோடு வந்துவிடும். மெத்தென்ற விரிப்பின் மேல் குழந்தையைப் படுக்க வைத்து, விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள். ஒரு இளம் தாய் தன் குழந்தையைத் தொடவே பயந்து 3 நாள் தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். விரிப்போடு மடியில் வைத்தபோதுதான் அவள் அழுதாள், குழந்தை தூங்கியது.

தொப்புள் கொடிக்குப் பிளாஸ்டிக் க்ளிப் வேண்டாம், நூல் கட்டு போதும். பெயர்ப் பட்டையைக் கையில் கட்டாமல் துணியில் குத்துங்கள். உடையைத் திருப்பிப் போட்டுத் தையல் வெளியே இருக்கும்படி உடுத்துங்கள். டயப்பரின் எலாஸ்டிக் ஓரத்தை வெட்டிவிடுங்கள். இந்த நோயில் கொப்புளம் தன் அழுத்தத்திலேயே பரவும், அதனால் குத்தி வடித்தே ஆக வேண்டும். சிலிகான் பூசிய கட்டுகள் உரிக்காமல் கழன்றுவரும். கடுமையான வகையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், பொறுமை கேட்கும் வேலை, ஆனால் விடக் கூடாது. இந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு நாள்பட்ட புண்ணில் தோல் புற்று வரும் ஆபத்து உண்டு. பெரிதாகிக்கொண்டே போகும், தடித்த புண் எதையும் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த மரபணு என்று சோதித்துத் தெரிந்துகொள்வது முக்கியம். வகை தெரிந்தால்தான் குழந்தையின் எதிர்காலம் ஓரளவு தெரியும், அடுத்த குழந்தையைப் பற்றிப் பெற்றோர் முடிவெடுக்க முடியும். 2023-ல் அமெரிக்கா அனுமதித்த ஒரு ஜெல், தோல் அடுக்குகளைப் பிணைக்கும் நூலான ஏழாம் வகைக் கொலாஜனின் மரபணுவை வைரஸ் மூலம் நேரடியாகப் புண்ணுக்குள் கொண்டுபோகிறது. எல்லோருக்கும் எட்டும் நாள் இன்னும் வரவில்லை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பெற்றோரிடம் சொல்வதற்கு என்னிடம் கட்டுகளைத் தவிர எதுவும் இருந்ததில்லை.

வீட்டுக்குப் போன பிறகு

ஒரு நோட்டு போடுங்கள். இன்றைய தேதி, மாத்திரை அளவு, புதுக் கொப்புளம் எத்தனை, எங்கே. ஃபோனில் ஒரே வெளிச்சத்தில் வாரம் ஒரு முறை படம். 'கொஞ்சம் கூடியிருக்கிற மாதிரி இருக்கு' என்பதைவிட '3 நாளில் 5' என்பது மருத்துவருக்கு உதவும்.

மருந்து குறையும் காலத்தில் ஒன்றிரண்டு கொப்புளம் வந்து ஒரு வாரத்துக்குள் தானாக ஆறினால் பதற வேண்டாம். பெம்ஃபிகஸில் ஒரு மாதத்துக்குள் 3 அல்லது அதற்கு மேல் புதிதாக வந்து, ஒரு வாரத்தில் ஆறாமல் நின்றால் நோய் திரும்புகிறது என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கு வந்துவிட்டால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள், நோட்டோடு போங்கள். தினமும் காலையில் கண்ணாடி முன் வாயைத் திறந்து, கன்னத்தின் உள்புறத்தையும் ஈறையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பலருக்கு அது திரும்பி வருவது அங்கேதான்.